மானிப்பாய்க்கு வந்த மருத்துவர்

மலாக்கா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு காலைப் பொழுது. ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் பேத்தியுடன் காத்திருக்கிறார். அவருடைய எண் அழைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் மருத்துவர் இளைஞர், பொறுமையானவர், தமிழ் அறியாதவர். பாட்டிக்கு நெஞ்சு கரிக்கிறது, முழங்காலில் குடைச்சல், பாதத்தில் எரிச்சல், கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறது. நான்கும் நான்கு வகை வேதனைகள். பேத்தியோ பள்ளியில் படித்த மலாய்ச் சொற்களுள் தேடிப் பார்த்து, முடிவில் சாக்கிட் என்னும் ஒரே சொல்லில் நான்கையும் அடக்கிவிடுகிறாள். பாட்டி சொன்னதில் பாதிக்கு மேல் மேசையைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை. இதில் எவர் மீதும் குற்றமில்லை. நோயாளி ஒரு மொழியிலும் மருத்துவர் வேறொரு மொழியிலும் வாழும் இடங்களில் எல்லாம் இது நடக்கும்.

ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன், இதே சிக்கலை மேசையின் மறுபக்கத்திலிருந்து சந்தித்த மருத்துவர் ஒருவர் இருந்தார். கடல் கடந்து வேலைக்கு வந்த அவர், நோயாளிகள் தம் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவில்லை. தாம் அவர்களுடைய மொழியைக் கற்றார். பிறகு மருத்துவ நூல்களையே அம்மொழிக்குக் கொண்டுவந்தார். அம்மொழி தமிழ். அவர் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம், உடன்பிறந்தோர் பலர். அவருடைய தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தவர். அந்நகரின் நடுவே இன்றும் இருக்கும் மையப் பூங்கா உருவானதில் அவருக்கும் பங்குண்டு. தம்பி சாமுவேலும் இளமையில் நியூயார்க் சென்றார். அங்கே மருத்துவக் கல்வி பயின்று 1845இல் மருத்துவரானார்.

படித்து முடித்த இளம் மருத்துவர் சொந்த நாட்டிலேயே தொழில் நடத்தியிருக்கலாம். கிரீன் ஆழ்ந்த சமயப் பற்று உடையவர். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன், ஆசிய நாடுகளுக்குச் சமயப் பணியாளர்களை அனுப்பிவந்தது. இலங்கையின் வடமுனையான யாழ்ப்பாணத்தில் அதன் நிலையங்கள் 1816ஆம் ஆண்டிலிருந்தே இருந்தன. மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819இல் அங்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். அவர் சென்னைக்கு மாறிச் சென்றபின் நேத்தன் வார்டு என்னும் மருத்துவர் அப்பணியைத் தொடர்ந்தார். வார்டும் விலகவே, அந்த இடம் காலியானது. கிரீன் அதை ஏற்றுக்கொண்டார்.

இன்று மலேசிய மருத்துவர் ஒருவர் வெளிநாட்டிலோ, வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் நம் நாட்டிலோ வேலை செய்வது இவ்வளவு எளிதன்று. பட்டம் அந்நாட்டில் ஏற்கப்பட வேண்டும். மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பல நாடுகளில் தகுதித் தேர்வும் மொழித் தேர்வும் உண்டு. கிரீன் காலத்தில் அத்தகைய தேர்வு எதுவும் அவரைத் தடுக்கவில்லை. ஒரு மிஷனின் நியமனமும் கப்பல் பயணமும் போதுமானவையாக இருந்தன. மொழித் தேர்வை அவருக்கு நடத்தியவர்கள் மானிப்பாய் நோயாளிகளே.

இங்கே ஒரு குறிப்பு. மலாக்கா மாணவர்களுக்கு மணிப்பால் என்னும் பெயர் பழக்கமானது. 1997இல் தொடங்கப்பட்டு, புக்கிட் பாருவில் அமைந்த மருத்துவக் கல்லூரி, இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலுள்ள மணிப்பால் என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது. நாம் பேசும் மானிப்பாய் அதுவன்று. இது யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, பனைமரங்களுக்கிடையே உள்ள ஊர்.

1847ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் கிரீன் புறப்பட்டார். அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. பயணம் பல மாதங்கள் நீடித்தது. அவர் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1846 அக்டோபரில், பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளியை மயங்கவைத்து, வலியில்லாமல் அறுவை செய்து காட்டியிருந்தனர். மருத்துவ உலகமே அப்போது மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தின் நடுவிலிருந்து எழுந்து, ஓர் இளைஞர் உலகின் மறுகோடிக்குக் கப்பல் ஏறினார். அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அங்கே மிஷன் நடத்திய உயர்கல்விக்கூடம் புகழ்பெற்றது. 1848இல் மானிப்பாய்க்கு வந்து மருத்துவமனையைத் தொடங்கினார். அதே ஆண்டில் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். இலங்கையில் மேனாட்டு மருத்துவத்தை முறையாகக் கற்பித்த முதல் பள்ளியாக இது கருதப்படுகிறது. கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான்.

நாள்தோறும் நோயாளிகள் வந்தனர். கண் நோய், கட்டி, புண், காய்ச்சல், பிரசவச் சிக்கல் என ஒவ்வொருவரும் தம் வேதனையைத் தமக்குத் தெரிந்த சொற்களில் விவரித்தனர். கிரீன் தமிழ் கற்கத் தொடங்கினார். இலக்கணமும் எழுத்தும் கற்பது ஒரு பங்கு வேலையே. மருத்துவர் ஒருவருக்குத் தேவைப்படும் தமிழ், புலவர் அவையில் பேசப்படும் தமிழன்று. வீட்டுத் திண்ணையிலும் கிணற்றடியிலும் பேசப்படும் தமிழ் அது. அடிவயிறு என்றால் எது, விலா என்றால் எது, இழுப்பும் இரைப்பும் எப்படி வேறுபடும் என்பவை அகராதியில் மட்டும் கிடைப்பவை அல்ல. நரம்பு என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டி உணர்வு நரம்பையும் நரம்பு என்பார். இரத்தக் குழாயையும் நரம்பு என்பார். தசையை எலும்போடு இணைக்கும் நாணையும் நரம்பு என்பார். மருத்துவ மாணவருக்கு இம்மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்கள். கத்தியை எடுக்கும் கைக்கு அவ்வேறுபாடு உயிர் பற்றியது.

தொடக்கத்தில் கிரீன் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்தினார். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் கற்ற மாணவர்களே அவரிடம் சேர்ந்தனர். அவர்கள் திறமைசாலிகள். நன்றாகக் கற்றனர், தேர்ச்சி பெற்றனர், அரசாங்கப் பணிக்குச் சென்றனர். சிக்கல் அங்கேதான் தோன்றியது. ஆங்கிலம் தெரிந்த மருத்துவருக்கு அரசில் நல்ல சம்பளம் கிடைத்தது. அதனால் அவர் தீவின் வேறு நகரங்களுக்குப் போனார். அவருடைய சொந்தக் கிராமத்தில் காய்ச்சலால் கிடந்தவரைப் பார்க்க ஆளில்லாமல் போனது.

தாமே வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர், தம் மாணவர்கள் ஊரைவிட்டுப் போவதைக் கண்டு கவலைப்பட்டது சற்று வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அக்கவலை நியாயமானது. நம் மாநிலத்திலும் மருத்துவம் படித்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்வதைப் பார்க்கிறோம். போகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பட்டமும் ஒரு மொழியும் வெளியே செல்லும் கதவைத் திறந்து வைக்கும்போது, அதன் வழியே நடப்பது மனித இயல்பு. கிரீன் எவரையும் கடிந்துகொண்டு நிற்கவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார். மருத்துவத்தைத் தமிழில் கற்றவர் தமிழர் வாழும் ஊரிலேயே தொழில் செய்வார் என்ற முடிவுக்கு வந்தார்.

அம்முடிவை அவர் உடனே நிறைவேற்றிவிடவில்லை. பத்தாண்டு உழைப்பில் உடல்நலம் குன்றியது. 1857இல் விடுப்பில் தாயகம் சென்றார். அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்துகொண்டு, அதே ஆண்டில் மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் புறப்பட்டார். 1864ஆம் ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்டது. உடற்கூறு, நோய்க்குறி, மருந்து, அறுவை, பேறுகாலப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் தமிழில். உலகில் தமிழ்வழி மேனாட்டு மருத்துவக் கல்வி நடந்த முதல் வகுப்பறை அதுவே எனலாம்.

வகுப்புக்கு நூல் வேண்டுமே. அந்த வேலையை அவர் முன்பே தொடங்கியிருந்தார். கட்டர் என்பவர் எழுதிய உடற்கூறு, உடலியக்க நூலை 1852இல் தமிழில் வெளியிட்டார். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது. 1867இல் அறுவை மருத்துவத்தை விளக்கும் ‘இரண வைத்தியம்’. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’. இது கிரே என்பவரின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம். ஆங்கில மூலம் லண்டனில் முதன்முதலில் வெளிவந்தது 1858இல். இன்றுவரை மருத்துவ மாணவர்கள் புரட்டிப் பார்க்கும் அந்நூல், வெளிவந்த பதினான்கே ஆண்டுகளில் மானிப்பாய் மாணவர் கையில் தமிழாகத் தவழ்ந்தது. அச்செய்தி ஒவ்வொரு முறையும் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. இவற்றோடு பொது மருத்துவத்திற்கு ‘வைத்தியாகரம்’, வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’, உடலியக்கத்திற்கு ‘மனுஷ சுகரணம்’ ஆகியவையும் வந்தன. அனைத்தையும் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல் இருக்கும்.

இப்பணியை அவர் தனியாகச் செய்யவில்லை. சாப்மன், டான்ஃபோர்த், பால், சுவாமிநாதன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பங்கேற்றனர். பெயரைப் பார்த்து இவர்களை வெள்ளையர் என எண்ணிவிடக் கூடாது. இவர்கள் யாழ்ப்பாணத் தமிழரே. மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களுடைய படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். மாணவர் மொழிபெயர்க்க, கிரீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில நூல்களில் அவர் முன்னின்று மொழிபெயர்த்தார். சிலவற்றில் பதிப்பாசிரியராக இருந்தார்.

சொல் தேடும் முறையில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடினார். யாழ்ப்பாணத்தில் மன்னர் காலத்திலிருந்தே ‘பரராசசேகரம்’, ‘செகராசசேகரம்’ போன்ற தமிழ் மருத்துவ நூல்கள் வழங்கிவந்தன. நாட்டு வைத்தியர் நாவிலும் நோய்ப்பெயரும் மூலிகைப்பெயரும் நிறைய இருந்தன. அங்கே கிடைக்காவிட்டால் வடமொழியை நாடினார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதிக்கொண்டார். கெமிஸ்தம் என்னும் பெயர் அப்படிப் பிறந்ததே. அங்காதிபாதம் என்பதோ, அடி முதல் முடி வரை உடலைப் பாடும் பாதாதிகேசம் என்னும் இலக்கிய வகையை நினைவூட்டுகிறது. எதிர்கால ஆசிரியர்க்கு உதவும் வகையில் கலைச்சொல் பட்டியல்களையும் தொகுத்தார்.

அச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுகரணம் என்றால் நமக்குப் புரியாது. உடலியங்கியல் என்றால் புரியும். கெமிஸ்தம் போய் வேதியியல் வந்துவிட்டது. வடசொற்கள் மிகுந்த அவருடைய நடை இன்றைய மாணவருக்குக் கரடுமுரடாகத் தெரியும். ஆனால், தமிழில் அறுவை மருத்துவத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு 1867ஆம் ஆண்டிலேயே விடை அச்சாகிவிட்டது. பின்வந்தவர்கள் செய்தது அந்த விடையைச் செம்மைப்படுத்தும் வேலை.

கிரீன் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணச் சைவர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இடையே அப்போது கடும் கருத்துப் போர் நடந்துகொண்டிருந்தது. சைவத்தின் பக்கம் நின்று வாதிட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலரும் கிரீனும் ஒரே ஆண்டில், 1822இல் பிறந்தவர்கள். கிரீன் மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கிய 1848இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் எதிரெதிர்க் கரையில் நின்ற இருவரும், அறிவைத் தமிழ் உரைநடையில் அச்சேற்ற வேண்டும் என்பதில் ஒரே வழியில் நடந்தனர். மாணவர்கள் மருத்துவம் கற்றதனால் உடையிலும் உணவிலும் மேனாட்டாராக மாறிவிடுவதைக் கிரீன் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து தமிழரிடையே தொழில் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை அடிக்கடி நடுங்கவைத்த நோய் வாந்திபேதி. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் இறந்துபோவார். அந்நோயின் கிருமியை மருத்துவ உலகம் அப்போது ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் அதை ஐயமற நிறுவியது 1884இல். அதனால் கிரீனிடமும் அவருடைய மாணவர்களிடமும் உறுதியான மருந்து எதுவும் இல்லை. இருந்தவற்றை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். வாந்திபேதி பற்றித் தமிழில் சிறு வெளியீடும் எழுதப்பட்டது. நோயைப் பற்றிய எச்சரிக்கை, நோயாளியின் வீட்டில் வாசித்துக் காட்டக்கூடிய மொழியில் இருந்தது. அன்றைய நிலையில் அதுவே பெரிய உதவி.

1873இல் உடல்நலக் குறைவால் கிரீன் இறுதியாகத் தாயகம் திரும்பினார். இரு தடவையாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அவரிடம் 60க்கும் மேற்பட்டோர் மருத்துவம் கற்றிருந்தனர். அவர்களுள் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள். வூஸ்டருக்குப் போன பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. எஞ்சியிருந்த நூல்களின் வேலையை அங்கிருந்தே தொடர்ந்தார். பனி பெய்யும் ஊரில் அமர்ந்து ஒருவர் தமிழ் மருத்துவ நூலைத் திருத்திக்கொண்டிருந்தார்! கெமிஸ்தம் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. மறு ஆண்டு, 1884 மே 28ஆம் நாள், கிரீன் காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்னும் குறிப்பு கல்லறையில் இருக்க வேண்டுமென அவர் விரும்பியிருந்தார்.

அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசு வேலையும் அந்த வழியாகவே கிடைத்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் அடுத்த சில பத்தாண்டுகளில் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தனர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியில் சேர்ந்தனர். மலாக்காவில் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அதன்பின் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயங்களில் குடியேறினர். அவர்களைத் தாக்கிய மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுத்தவர் தோட்டத்து டிரசர். முழு மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவர் எப்போதோ ஒருமுறை வந்து போவார். அன்றாடம் புண் கட்டியவரும் கொயினா கொடுத்தவரும் டிரசர்தான். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அவ்வேலையில் பலராக இருந்தனர். பெரட்டுக்கு வராமல் லயத்தில் சுருண்டு கிடக்கும் ஒருவரிடம் எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க அங்கே ஓர் ஆள் இருந்தார்.

மானிப்பாயில் கிரீன் தொடங்கிய மருத்துவமனை, கிரீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயருடன் இன்றும் இயங்குகிறது. சுற்றுவட்டாரத்து மக்கள் அங்கே வந்து, தங்கள் நோவைத் தங்கள் சொற்களிலேயே சொல்கின்றனர்.